இமை தூக்க முடியாத நாட்கள்

அடி அண்ணாமலைச் சாலையில் எதிரே வந்த ஒற்றை மாட்டுவண்டி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. இரண்டு மாடுகள், இரண்டு வண்டிக்காரர்கள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இரண்டு. அதுதான் விஷத்தின் முதல் அறிகுறி. வலி எதுவும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கும் என் மனைவி கமலாவுக்கும் வெளியில் சொல்லிக்கொள்ளாத ஒரு பொழுதுபோக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை சுற்றும் பாதையில் நடந்து, பாறை இடுக்குகளிலும் ஏரிக்கரைகளிலும் பாம்பு தேடுவோம். பிடிப்பதில்லை, அடிப்பதில்லை. அது தன் வழியில் போகும்வரை நின்று பார்ப்போம். வாரம் தவறாமல் கிரிவலம் போகும் பக்தியுள்ள தம்பதி என்று தெருவில் எங்களுக்குப் பெயர்.

அன்று காலை இடிந்த மண்டபம் ஒன்றின் படியேற, ஒரு கல்லின்மேல் கையை ஊன்றினேன். விரலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. உதறிக்கொண்டேன். பின்னால் வந்த கமலாதான் இடுக்குக்குள் இழுபட்ட வாலைப் பார்த்தாள். கறுப்பு. மெல்லிய வெள்ளைப் பட்டைகள்.

"ஏங்க, கட்டுவிரியன்ங்க."

"எறும்புதான் கமலா."

"எறும்புக்கு அவ்ளோ நீட்டு வாலு இருக்குதா? நடங்க மொதல்ல."

பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவர் வீடு வழியிலேயே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடித்த கையை ஆட்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு குதிரை வண்டியை நிறுத்தி, என்னை ஏற்றி, நேராக மருத்துவமனைக்கு விடச் சொன்னாள். வண்டியில் என் இமைகள் விழத் தொடங்கின. தூக்கம் வருவதுபோல் இல்லை. கடையின் ஷட்டரை வெளியிலிருந்து யாரோ இறக்குவதுபோல் இருந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. "கமலா" என்று கூப்பிட நினைத்தேன். மூக்கால் ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. விஷமுறிவு மருந்தை (பாம்பு விஷம் மேலும் வேலை செய்யாமல் தடுக்க ஊசி வழியாகச் செலுத்துவது) ஏற்றினார். அதற்குள் என் மூச்சு சிறுத்துக்கொண்டே வந்தது. தொண்டை வழியாக ஒரு குழாயைச் செருகி, அதில் ரப்பர் பையைப் பொருத்தினார். பையை அமுக்கினால் நெஞ்சு உயரும், விட்டால் இறங்கும். இதைச் செயற்கைச் சுவாசம் (தானாக மூச்சுவிட முடியாதவருக்குக் காற்றைச் செலுத்துவது) என்பார்கள். இதற்கென்று இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. மனிதர்கள்தான் அமுக்க வேண்டும், விடாமல்.

இதையெல்லாம் பிறகு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைத்தான் எழுத வேண்டும். கட்டுவிரியன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத்தான் நிறுத்துகிறது. அறிவை அது தொடவில்லை. வாளி உருளும் சத்தம் கேட்டது. டிஞ்சர் வாசனை வந்தது. என் காலில் ஓர் ஈ நடந்தது. அதை விரட்ட முடியவில்லை. யாரோ என் இமையை விரலால் தூக்கி டார்ச் அடித்தார்கள். வெள்ளையாக ஓர் ஒளி. இமையை விட்டதும் இருட்டு.

"கருவிழி அசையலியே," என்றது ஓர் ஆண் குரல்.

கோயில் மணி கேட்கும். காலை பூசை என்று நினைப்பேன். அடுத்து மறுபடியும் காலை மணியே கேட்பதுபோல் இருக்கும். நடுவிலிருந்த பகலும் மாலையும் எங்கே போயின என்று தெரியாது. மெல்ல, என் கட்டிலில் இன்னொருவன் படுத்திருப்பதாகத் தோன்றியது. கனமானவன், குளிர்ந்தவன். அவன் நெஞ்சுதான் ஏறி இறங்குகிறது. நான் அவனருகே ஒண்டிக் கிடக்கிறேன். அவன் யார் என்று புரிந்தபோது அலற நினைத்தேன். அவன் வாய் திறக்கவில்லை.

பையை அமுக்குவது யாரென்று மூச்சிலேயே தெரிந்தது. நர்சின் மூச்சு அளவாக வரும். உடன் வேலைபார்த்த தமிழாசிரியரின் மூச்சு நடுங்கும். கமலாவின் மூச்சு நீளமானது, கடைசியில் சற்று நின்று திரும்பும்.

வேங்கிக்காலில் பயிர் வைத்திருந்த என் அண்ணன் வந்தார். டாக்டரம்மா வேறு வார்டுக்குப் போயிருந்த நேரம்.

"கமலா, ஒடம்பு சில்லுனு கெடக்குதும்மா. நீ அமுக்குறதாலதான் நெஞ்சு ஏறுது. அவன் போயிட்டான். வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்."

"டாக்டரம்மா அப்டி சொல்லலையே மாமா. காது கேக்கும்னு சொன்னாங்க."

"அவங்க சின்னப் பொண்ணு. மனசு கேக்காம சொல்லுவாங்க. இப்டியே எத்தினி நாளுக்குத்தான் அமுக்குவ?"

அண்ணன் அழுதுகொண்டே பேசினார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. என்னைக் கௌரவமாக அனுப்பிவைக்கத்தான் நினைத்தார். நான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

"கேக்குதுன்னா கால் விரலை ஆட்டுங்க," என்றாள் கமலா.

முழு பலத்தையும் காலுக்கு அனுப்பினேன். எதுவும் நடக்கவில்லை. கெஞ்சினாள். அப்போதும் இல்லை. அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

கமலாவின் குரல் மாறியது. ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

"மாமா, போன மாசம் ஏரிக்கரையில நாங்க ஒரு சாரை பார்த்தோம். மஞ்சளா, தலையைத் தூக்கிட்டு நின்னுச்சு. இவரு அதை நல்ல பாம்புனு சொல்லி பயந்துட்டாரு. நான்தான் சாரைனு சொன்னேன்."

பச்சைப் பொய். நல்ல பாம்பு என்று பயந்தது அவள். சாரை என்று சொன்னது நான். சாரைக்குக் கழுத்து விரியாது என்று அவளுக்கு அங்கேயே விளக்கியதும் நான். மரணத்தின் வாசலில் கிடக்கிறேன், எனக்குக் கோபம் வந்தது.

"ஐயோ, ஆடுது! மாமா, கட்டை விரலு!"

பை ஒரு கணம் நின்றது. என் நெஞ்சு வெறுமையாகக் கிடந்தது. அடுத்த மூச்சு வேறு கையிலிருந்து வந்தது: அவசரமாக, முரட்டுத்தனமாக, விவசாயியின் கை. அண்ணன் பையை வாங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மன்னிச்சிடுடா," என்றார். "ஜாஸ்தியா அமுக்குறனா? ஜாஸ்தின்னா ஆட்டு."

ஆட்டினேன்.

அதன்பின் அந்த விரல்தான் என் நாக்கு. டாக்டரம்மா வந்ததும் பாதத்தருகில் குனிந்து பேசுவார்: "விஷம் கழண்டுக்கினு வருது சார். அவசரப்படாதீங்க. தசைங்க ஒண்ணொண்ணா திரும்பும்." அப்படியேதான் திரும்பின. விரல்கள், கழுத்து, பிறகு சொந்த மூச்சு. குழாயை எடுத்த அன்று என் மூச்சு எனக்கே அந்நியமாக இருந்தது. இமைகள் கடைசியாகத் திறந்தன.

"எதுக்கு அப்டி மாத்திச் சொன்ன?" என்று கேட்டேன். குரல் கரகரத்தது.

"கெஞ்சினா நீங்க எப்போ கேட்டிருக்கீங்க? தப்பா சொன்னா மட்டும் வுட மாட்டீங்க."

கடிபட்டவரின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கண் திறக்கவில்லை, அசையவில்லை என்பதற்காக அவர் இல்லாதவர்போல் அவரெதிரே பேசாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை மூச்சு கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பெயர் சொல்லிப் பேசுங்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மழைக்காலம் கழிந்து நாங்கள் மறுபடி நடக்கத் தொடங்கினோம். இப்போது என் கையில் கோல். அது தட்டாத இடத்தில் கை வைப்பதில்லை. ஒரு நாள் காலை, புதரில் கிடந்த பச்சைப் பாம்பு ஒன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காற்றில் கொடி ஆடியபோது அதுவும் ஆடியது, நின்றபோது நின்றது.

கமலா தோளைத் தொட்டாள். "எவ்ளோ நேரமா கூப்புடுறேன். வெயில் ஏறிடுச்சு, எழுந்திருங்க."

இப்போதுதான் உட்கார்ந்தேன் என்று நினைத்திருந்தேன். நிழல் என்னைவிட்டு வெகுதூரம் நகர்ந்திருந்தது. புதரில் பாம்பு இல்லை. அது போனதை நான் பார்க்கவில்லை.

எழுந்திரு என்று காலுக்குச் சொன்னேன். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த நாட்களைப்போல, சொன்னதற்கும் அது எழுந்ததற்கும் நடுவே சிறிது நேரம் இருந்தது. கமலாவுக்கு அது தெரியவில்லை.