கண்ணால் பட்ட வலி

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, நான்கு கட்டில். டாக்டர் ஏற்காட்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் நர்ஸும்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது நர்ஸ் அங்கே வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. சேலத்துக்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

சேர்ந்த சில நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். நான் யாருக்காவது ஊசி போட்டால், எதிரே நிற்கும் சிஸ்டர் தன் கையைத் தேய்த்துக்கொள்வார். நர்ஸுக்கு இவ்வளவு இளகிய மனசு ஆகாதே என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“ஏனுங்க சிஸ்டர், ஊசி அவங்களுக்குப் போட்டா நீங்க எதுக்குக் கையத் தேய்க்கறீங்க?”

தயங்கிவிட்டுச் சொன்னார். “சிரிக்கக் கூடாதுங்க. அங்க குத்தறதப் பாத்தா எனக்கு இங்க குத்துது. எதுத்தாப்புல இருக்கறவங்களுக்கு எடது கைன்னா எனக்கு வலது கை. கண்ணாடில பாக்கற மாதிரி.”

“எப்ப இருந்துங்க?”

“சின்னதுல இருந்தே. எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். டிரெயினிங் போனப்பத்தான் மத்த பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லீன்னு தெரிஞ்சுது. அப்புறம் யாருகிட்டயும் சொல்லலீங்க.”

நான் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. மறுநாள் காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு ஊசி போடும்போது சிஸ்டரைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். ஊசியை எடுத்த பிறகும் சிஸ்டர் சுவரைப் பார்த்தபடியே, “ஆச்சுங்களா?” என்று கேட்டார். அடுத்து வந்தவருக்கு, சிஸ்டரை எதிரே நிற்கவைத்து, இடது கையைத் துடைத்துவிட்டு, கடைசி நொடியில் மாற்றி வலது கையில் குத்தினேன். சிஸ்டரின் இடது தோள் வெடுக்கென்று பின்னால் போனது. எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

“அப்புறம் ஏனுங்க இந்த வேலையிலயே இருக்கீங்க?”

“எப்படிப் போட்டா நோவுதுன்னு எனக்குத் தெரியுமில்லீங்களா. நோவாம போடப் பழகிக்கலாமே.”

அப்போதெல்லாம் ஒரே ஊசியைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் போடுவோம். முனை மழுங்கிவிடும். தினமும் காலையில் அவர் ஒவ்வொரு முனையையும் கல்லில் தீட்டி, பஞ்சில் இழுத்து, நூல் சிக்காமல் வந்தால்தான் தட்டில் வைப்பார். தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் என்னைக் கண்டால் ஓடும். அவரிடம் தானாகவே கையை நீட்டும். மத்தியானம் வேலை இல்லாதபோது, அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பால்வாடியில் போய் உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஆடி மாத மழையில், சில்வர் ஓக் மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்த வாழவந்தி ஊர்க்காரர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். அரிவாள் நழுவி இடது முழங்காலுக்குக் கீழே ஆழமாக வெட்டியிருந்தது. ரோட்டில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. டாக்டர் வர வழியில்லை. தையல் போட எனக்குத் தெரியும். காயத்தின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். சிஸ்டரைப் பார்த்தேன்.

“வாட்ச்மேனைக் கூப்பிடட்டுங்களா? நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.”

“அவருக்குப் புடிக்கத் தெரியாதுங்க. நீங்க போடுங்க.”

மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டுத் தைக்கத் தொடங்கினேன். காயம்பட்டவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மழை விடுமா, மாட்டைக் கட்டியாச்சா என்று பேசிக்கொண்டே இருந்தார். சிஸ்டருக்குத்தான் மரத்துப்போக மருந்து இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் அவர் வலது கால் நடுங்கியது. நெற்றியில் வேர்வை. விரல்கள் மட்டும் அசையவில்லை. பாதியில் நான் நிறுத்தினேன்.

“நிறுத்தாதீங்க. நிறுத்தி நிறுத்திப் போட்டா நொம்ப நோவுதுங்க.”

ஒன்பது தையல். கட்டுப்போட்டு முடித்ததும் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். உள்ளே இருந்தவர், “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லீங்க” என்று என் கையைப் பாராட்டினார். யாரைப் பாராட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியவில்லை. காயம் சீழ் பிடிக்காமல் ஆறி, அவர் மறுபடி மரமேறினார்.

தொண்ணூறுகளில் சிஸ்டர் சேலத்துக்கே போய்விட்டார். அதற்கும் வெகுகாலம் கழித்து, என் மனைவியின் தலைவலிக்காக ஒரு நரம்பு டாக்டரிடம் போனபோது இதைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. இன்னொருவரைத் தொடுவதைப் பார்க்கும்போது நம் எல்லோருக்குமே மூளையில் தொடு உணர்வுக்கான இடம் லேசாக விழிக்கிறதாம். நமக்குத் தெரிகிற அளவுக்குப் போவதில்லை. சிலருக்கு மட்டும் அது தன் உடம்பிலேயே பட்டதாக ஆகிவிடுகிறதாம். எழுத்தைப் பார்த்தால் நிறம் தோன்றுகிறவர்கள், ஓசை கேட்டால் ருசி தெரிகிறவர்கள் எல்லாம் இந்த வகைதான் என்றார்.

அன்றே சிஸ்டருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப இது நோய் இல்லீங்களா?”

“இல்லீங்க சிஸ்டர். ஆனா எவ்வளவு வலியத் தாங்கியிருக்கீங்க.”

“வலி மட்டுமா வந்துச்சு?” என்றார். “மத்தியானம் வேலையில்லாதப்ப பால்வாடிக்குப் போயி உக்காந்துக்குவேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? அங்க கொழந்தைங்களுக்கு எண்ணெய் தேச்சு உடுவாங்க. சித்த நேரம் பாத்துட்டு வருவேன். உடம்பெல்லாம் அப்படி எதமா இருக்குமுங்க.”