ஒரே வழக்கு, மூன்று தரம்

சித்தியின் பெயரை முழுதாக நான் முதன்முதலில் கேட்டது வேலூர் முன்சீப் கோர்ட்டு வராந்தாவில்தான். தகப்பன் பெயர், புருஷன் பெயர், ஊர் எல்லாம் சேர்த்து டவாலிச் சேவகன் மூன்று தரம் கூவினான். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சித்தி சும்மா உட்கார்ந்திருந்தாள். "சித்தி, உன்னைத்தான்" என்று தோளைத் தொட்டேன். மடியில் தூங்கிய கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சித்தப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தவர். ஊறிய தோலைக் குழியிலிருந்து கொக்கியால் இழுத்து மேலே போடுகிற வேலை. ஒருநாள் குழியின் குறுக்கே போட்டிருந்த பலகை முறிந்து உள்ளே விழுந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஷாப் மேஸ்திரி ஊரெல்லாம் சொன்னார். சித்தப்பா குடிக்கிறவர் இல்லை. பிணத்தை எடுக்கும்போது சித்தி தெருவில் நின்று, "பலகை உளுத்துப் போச்சுன்னு எம்புருஷன் சொல்லிக்கினே இருந்தாரு. மாத்தாம கொன்னுட்டான் இந்த மேஸ்திரி!" என்று கத்தினாள். அந்தப் பேச்சுக்காக மேஸ்திரி அவள்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். மிஷன் பள்ளியில் புதிதாக வாத்தியார் வேலை. ஆகவே சம்மனைப் படித்துச் சொன்னதும், வக்கீலிடம் அழைத்துப் போனதும் நானே. சித்தி அவரிடம் சித்தப்பா விழுந்த அன்று காலையிலிருந்து தொடங்கினாள். சித்தப்பா கூழுக்கு வெங்காயம் கேட்டது, தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து குழந்தையின் காலைக் கிள்ளி அழவைத்தது, அவள் திட்டியது, அவர் சிரித்தது. வக்கீல் நல்லவர்தான். கையை உயர்த்தி நிறுத்தினார். "அதெல்லாம் வேணாம்மா. அவர் குடிக்கல, பலகை உளுத்திருந்தது, மேஸ்திரிக்கு அது தெரியும். இவ்வளவுதான். குறுக்கு விசாரணையில ஒரு வார்த்தை மாறக்கூடாது. மேல கேட்டா, வேற ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொல்லிடு." ரயிலில் ஆம்பூர் திரும்பும்வரை சித்தி அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

ஜெயித்தோம். சித்தப்பாவோடு வேலை செய்த இருவர் பயப்படாமல் வந்து சாட்சி சொன்னார்கள். அவள் சொன்னது உண்மை என்று முன்சீப் தீர்ப்பில் எழுதினார். மறுநாள் சித்தி வேலை செய்த கொட்டகையில், தோலில் முடி சுரண்டும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கோர்ட்டில் சொன்னதை அவர்களுக்கும் அப்படியே சொன்னாள். அதற்குத்தான் இரண்டாவது வழக்கு. புது நாளில், புது இடத்தில், புதிதாகச் செய்த அவதூறாம்.

"இன்னாடி, மாமியார் வூட்டுலேர்ந்து மறுபடியும் ஓலை வந்துக்குதா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். சித்தியும் சிரித்தாள். அந்த வழக்கும் தள்ளுபடியானது. அதைப் பற்றி யாரோ விசாரித்தார்கள், அவள் பதில் சொன்னாள், மூன்றாவது வந்தது. அப்போது அவள் சிரிக்கவில்லை. மேஸ்திரிக்கு விரிஞ்சிபுரம் பக்கம் நஞ்சை இருந்தது, வழக்குச் செலவு அவருக்குப் பெரிதில்லை. "ஜெயிக்கறதுக்குப் போடல தம்பி, இந்தம்மா வாயை மூடறதுக்குப் போடறான்" என்றார் வக்கீல். பேசினால் சம்மன் வரும். பேசாவிட்டால் சித்தப்பா ஊர் வாயில் குடிகாரனாகவே நின்றுவிடுவார்.

மூன்றாம் வழக்குக்கு வேறொரு முன்சீப் வந்திருந்தார். சித்தி கூண்டில் ஏறி நின்றபிறகுதான் பழைய தீர்ப்புகள் இரண்டையும் படித்து முடித்தார். "இந்தப் பேச்சு உண்மையா பொய்யா என்று இதே இருவருக்கும் கோர்ட்டு முடிவு சொல்லியாயிற்று. எந்தத் தேதியில் எந்தத் தெருவில் சொன்னாலும் அதே பேச்சுதான். இனி இதை எடுத்து விசாரிக்க இடமில்லை" என்றார். சித்தியை இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்கவில்லை. "சொல்லிட்றேன் சாமி" என்றாள். சொல்ல வேண்டியதில்லை என்று வக்கீல் வந்து இறக்கிவிட்டார்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு நடக்கையில் பாலாற்று மணல் கொதித்தது. "இனிமே நீ யார்கிட்ட வேணா சொல்லலாம் சித்தி. அவன் கேஸ் போட முடியாது" என்றேன்.

"சரி."

"சந்தோஷமா இல்லியா?"

"ரயில் போய்டப் போவுது, சீக்கிரம் வா" என்றாள்.

மேஸ்திரி அதன்பிறகு வழக்குப் போடவில்லை. சித்தப்பாவைக் குடிகாரன் என்றும் இப்போது யாரும் சொல்வதில்லை. அவரைப் பற்றி எதுவுமே யாரும் சொல்வதில்லை. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து நான் இருக்கும் பள்ளியிலேயே படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அவள் திடீரென்று கேட்டாள். "எம்மா, அப்பா எப்படி இருப்பாரு?"

சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அவர் குடிக்கல. பலகை உளுத்திருந்தது. மேஸ்திரிக்கு அது தெரியும்."

"அது இல்லம்மா. எங்கூட வெளையாடுவாரா?"

சித்தி தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.