ஆரோக்கியம் பெரியப்பாவின் மாமரம்

காலையில் எங்கள் தெருவுக்குக் கேமராவோடு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அறுபதுகளின் சேலத்தைப் பற்றிப் பெரியவர்களைப் பேசவைத்து, ஊர்ப் பெருமையாக நெட்டில் போடுவார்களாம்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் பெரியப்பா, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் கிளம்பினார்.

"மாப்பிள்ளையாட்டம் ஜோரா இருக்கீங்க பெரியப்பா!" என்றேன்.

"போ புள்ள. இன்னைக்காச்சும் எங்க வண்டிக்காரர் சந்து பேரைச் சொல்லிப்போட்டு வாரேன்."

அவரை மெயின் ரோட்டோரம் நிறுத்திக் கேட்டார்கள்.

"நீங்க நிக்கிறது எங்க ஊட்டு அடுப்படிங்க சாமி. எனக்குப் பத்து வயசுல, ரோடு போடோணும்னு வண்டிக்காரர் சந்து முழுசையும் இடிச்சாங்க. எங்கம்மா கொதிக்கிற கஞ்சிச் சட்டியோட ஓடுச்சு."

"சோகம் வேண்டாம் தாத்தா. மாம்பழம் பத்திச் சொல்லுங்க!"

"ஊட்டுக்குப் பின்னால மாமரம் இருந்துச்சுங்க. அதையும் வெட்டிப்போட்டாங்க."

மதியமே வீடியோ வந்துவிட்டது. "ஊட்டுக்குப் பின்னால மாமரம் இருந்துச்சுங்க" என்கிறார் பெரியப்பா. அவ்வளவுதான், அப்புறம் பாட்டு. கீழே கமெண்டில் ஆளாளுக்கு, "அது பொற்காலம்!"

என் போனை வாங்கி மூன்று முறை பார்த்தார். "சந்து பேரு கடைசியில வருமா புள்ள?"

"இன்னும் லோடு ஆகுது பெரியப்பா."

பொற்காலம் என்று எழுதிய மகராசன்களே, ஒருவராவது கீழே 'வண்டிக்காரர் சந்து' என்று எழுதுங்கள். லோடு ஆகிவிட்டது என்று அவரிடம் காட்டிவிடுகிறேன்.