மெட்டிக்கு எடுத்த அளவு

போன வாரம் அக்காவின் பேத்தி செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு பொம்மைப் படத்தைக் காட்டினாள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் கண்ணால் கண்டதை மறக்கிற ஆள் இல்லை.

முதலில் அதைப் பார்த்தது சின்னப்பிள்ளையில், ராயப்பன்பட்டியில். மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களுக்காக, ஒரு மண்டபத்து ஜன்னல்களில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, நடுப்பகலில் படம் காட்டினார்கள். அக்காதான் கூட்டிப்போனாள். ஒரு வாத்தியார் எழுந்து, இது வெள்ளைக்காரர்களின் பிள்ளைக் கதைகளைக் கேலி செய்கிற படம், அசல் கதை தெரிந்தால்தான் சிரிப்பு வரும் என்றார். எங்களில் யாருக்கும் அசல் தெரியாது. ஆனாலும் சிரித்தோம். தின்ன வந்த ஓநாயைக் கிழவி அகப்பையால் விரட்டினாள். ராஜகுமாரன் கண்ணாடிச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தான். அது யாருக்குப் பொருந்துகிறதோ அவளைக் கட்டிக்கொள்வானாம். அடுப்புச் சாம்பலில் கிடந்த பெண்ணிடமும் வந்தான். பொருந்தவில்லை. எண்ணெய் தடவினான், சுத்தியலால் தட்டினான். செருப்பு உடைந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவள் நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அக்கா சிரித்த சிரிப்புக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

அசல் தெரியாததால் நான் அதையே அசலாக எடுத்துக்கொண்டேன். அளவு பொருந்தாவிட்டால் கல்யாணம் கிடையாது.

அப்போது அக்காவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் தாய்மாமன், லோயர் கேம்ப் கரண்டு ஸ்டேஷனில் வேலை. முதல் சம்சாரம் தவறிப்போய், கையில் ஒரு பிள்ளை, காதோரம் நரை. உரிமைக்காரர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? அக்காவை யாரும் கேட்கவில்லை. எனக்கு மாமாமேல் குறை ஒன்றும் இல்லை. அக்கா போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள் என்பதுதான் என் கவலை.

மெட்டிக்கு அளவு, கால்விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு எடுப்பது எங்கள் வழக்கம். அம்மா அக்காவுக்கு அப்படி அளவெடுத்து, நூலை வெற்றிலையில் மடித்து என்னிடம் தந்தாள்.

"பராக்குப் பாக்காமப் போயி ஆசாரி கையில குடுத்துட்டு வா ஆத்தா."

நான் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் போய், அந்த நூலைக் குப்பைக்குள் புதைத்துவிட்டு, வேறு நூலை என் விரலில் சுற்றினேன். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தால், சாணிக் கூடையோடு அக்கா. என் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"முடிச்ச இறுக்கிப் போடு புள்ள. போற வழியில அவுந்துறாம."

அவ்வளவுதான், போய்விட்டாள். அவள் ஏமாந்துபோனாள் என்று எனக்கு ஒரே பெருமை.

கல்யாணத்தன்று அக்கா அம்மிமேல் காலை வைத்தாள். மாமா குனிந்து மெட்டியைப் போட்டார். அது நகத்தைத் தாண்டவில்லை. கூட்டம் ஆசாரியைத் திட்டியது. மாமா எப்போது பெட்டியைக் கட்டுவார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் சிரித்தார்.

"பச்சப்புள்ள வெரலுக்கு அடிச்சுக் குடுத்திருக்காக. வெள்ளிதான, வளையாமலா போயிரும்."

இரண்டு பெருவிரலாலும் மெட்டியின் வாயை அகட்டினார். ஏறிவிட்டது. அக்கா தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். திட்டத்தான் தேடுகிறாள் என்று நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன்.

மாமா கெட்டவர் இல்லை. அக்கா அந்தப் பிள்ளையையும் வளர்த்து, நாலு பெற்றும் வளர்த்தாள். அகட்டிய மெட்டியின் முனை கீறிக் கீறி அவள் விரலில் ஒரு வடு விழுந்திருந்தது. நூலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

செல்போனில் செருப்பு உடைந்ததும் பேத்தி சிரித்தாள், அக்காவைப் போலவே. அவ்வளவு சின்ன வளையம் தன் விரலில் ஏறாது என்று அக்காவுக்கா தெரியாது? அன்று நான் ஒளியாமல் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.