முடிவு மட்டும் பார்த்த கச்சான்காரர்

அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். போன மாதம் பினாங்குக்குப் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். விற்பனைப் பெண் ஓடிவந்து என்ன அளவு வேண்டும் என்று மலாயில் கேட்டாள். எனக்கு மெத்தை வேண்டாம், பக்கவாட்டுக் கதவு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கதவு இருந்தது. அதற்கு முன்னால் பெரிய கட்டில் ஒன்றைப் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள்.

அந்தத் தெருவே மாறிவிட்டது. பாட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருந்த, தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடை இல்லை. சிவப்புச் சீனிப்பாகு ஊற்றி ஐஸ் உருண்டை பிடித்துக் கொடுத்தவர் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் சிரித்த முகமாக இருக்கும் குடை ரிப்பேர்காரரும் இல்லை. இதையெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்த நான் இதை எழுதவில்லை. அந்தப் பக்கவாட்டுக் கதவின் ஓரமாகக் கச்சான் பூத்தே என்கிற வறுகடலை விற்ற ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் நாலாம் வகுப்பு. சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் சின்னம்மா. சின்னம்மா அம்மாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருடமே சின்னப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர், வெளுத்த நிறச் சேலைகளுக்குள்ளும் சமையல்கட்டுக்குள்ளுமாக இருந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஆனால் கல்யாண வீடு, கோயில் திருவிழா, சினிமா இதெல்லாம் அவருக்கு இல்லை என்று வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவருக்கு என்று விட்டுவைத்த ஒரே இடம் சனிக்கிழமைத் தையல் வகுப்பு. கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்தது. துணைக்கு நான். வகுப்பு ஒரு மணிக்கு முடிந்துவிடும். நாலரை மணிக்கு முடிகிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த நேரத்தில் நாங்கள் படம் பார்த்தோம்.

தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவர் முன்னால் இருக்கைகள் வரைந்த ஒரு பெரிய தாள் இருக்கும். எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டு, நீலப் பென்சிலால் அதில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதே பென்சிலால் டிக்கெட்டில் எண்ணைக் கிறுக்குவார். சின்னம்மாவிடம் அவர் கேட்டதே இல்லை. கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி இரண்டு. விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே போவோம். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, டார்ச் அடிக்கும் கிழவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைக்க எழுந்து நடப்பார். அதுதான் சின்னம்மாவுக்கு மணி. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறிவிடுவார்.

"பஸ் போயிடும், வா லா" என்பார். அந்த 'லா' எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்ட மலாய் வால்.

நானும் பஸ்ஸுக்காகத்தான் என்று நம்பினேன். விளக்கு எரியும்போது தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது, பட்டால் அதோடு தையல் வகுப்பும் போய்விடும் என்று அவர் பயந்தது எனக்குத் தெரியாது. எனக்கு இருந்த கவலை வேறு. எந்தப் படமாவது எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்களே என்று வாங்கிப் பார்த்தால், சரியாக நாங்கள் எழுந்து வந்த இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று புத்தகம் போட்டவனும் கையை விரித்திருப்பான். எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலைத் தீர்த்துவைத்தவர்தான் கச்சான்காரர். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே மரப்பெட்டியில் வறுத்த கச்சான், கடலை, பட்டாணி எல்லாம் அறை அறையாக வைத்திருப்பார். பழைய பள்ளிக்கூடக் கட்டுரைத் தாளைச் சுருட்டிப் பொட்டலம் கட்டுவார். டார்ச் கிழவர் அந்தக் கதவைத் திறந்ததும் இவர் பெட்டிமேல் துணியை மூடிவிட்டு, கதவுக்குள் தொங்கும் திரைச்சீலையை விலக்கி நின்று கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு மூன்று காட்சி, மூன்று தடவையும் முடிவு. சனிக்கிழமை மதியக் காட்சியை மட்டும் எங்களோடு பேசுவதற்காக விட்டுவிடுவார். வாழ்க்கையில் அவர் முடிவைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. நாங்கள் முடிவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுப் படம் தேறும்.

"பாப்பா, அந்தத் தொப்பிக்காரன் ஏன் ஜெயிலுக்குப் போனான்? ஒரு வாரமா மண்டை காயுது லா" என்பார்.

பஸ் வரும்வரை நான் முன்கதையைச் சொல்வேன். அவர் "ஓ, அதான் சங்கதியா!" என்று தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, முடிவைச் சொல்வார். காணாமற்போன குழந்தை கிடைத்துவிடும். கண் தெரியாதவளுக்குக் கண் தெரியும். சண்டைபோட்ட அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சின்னம்மா நாலடி தள்ளி நின்று பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் முடிவு வருகிற கட்டத்தில் அவர் கச்சானை மெல்லுவது நின்றுவிடும். அவர் கச்சான்காரரை அண்ணே என்பார். கச்சான்காரர் சின்னம்மாவைத் தங்கச்சி என்பார். அதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டது கிடையாது.

அந்த வருடக் கடைசியில் ஒரு படம் வந்தது. புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஒருவன் பட்டாளத்துக்குப் போகிறான். அவள் தினமும் ரயில் நிலையத்துக்கு வந்து நிற்கிறாள். ரயில் வருகிறது, டார்ச் கிழவர் எழுந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் வராததுமாக, "வந்தானா மாமா?" என்றேன்.

கச்சான்காரர் சின்னம்மாவை ஒரு தடவை பார்த்தார். பொட்டலத்தை இரண்டு தடவை மடித்தார். பிறகு, "வராம? தாடி வச்சுக்கிட்டு வந்து எறங்குறான். இவளுக்கு மொதல்ல அடையாளமே தெரியல. அப்புறம் ஒரே சிரிப்பு" என்றார்.

சின்னம்மா பஸ்ஸில் வீடுவரைக்கும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் உட்காருபவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போடி, ரயில்ல பெட்டிதான் வருது. அவன் செத்துட்டான். அவ பொட்டை அழிச்சுக்குறா. எங்க அம்மா அழுது தொலைச்சாங்க" என்றாள். நான் இல்லை என்றேன். அவள் சத்தியம் செய்தாள். நானும் செய்தேன். எவளோ ஒருத்தி பொய்ச் சத்தியம் செய்கிறாள், அது நானாக இருக்குமோ என்று எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. யார் சொல்வது உண்மை என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அதே படத்துக்குப் போகலாம் என்றேன். "பாத்த படம்தானே?" என்றார் சின்னம்மா. ஆனால் அடம்பிடிக்க எனக்கு அவர் வேலையே வைக்கவில்லை. சட்டென்று ஒத்துக்கொண்டார்.

ரயில் நிலையக் காட்சி தொடங்கியதும் ஒன்றுக்கு வருகிறது என்றேன். "போயிட்டு நேரா வெளிய வந்துரு, கச்சான் பெட்டிக்கிட்ட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். நான் கழிப்பறைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கச் சுவரில் இன்னொரு கதவுக்குத் தொங்கிய கனத்த சிவப்புத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். சிகரெட் வாடை குமட்டியது. ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் பார்த்தேன்.

ரயில் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். தாடிக்காரன் எவனும் இல்லை. கடைசியில் நான்கு பேர் ஒரு பெட்டியை இறக்கினார்கள்.

ஐயோ, பள்ளிக்கூடத்துக்காரி சொன்னதுதான் சரி! எனக்கு அந்தப் பெண்ணுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மாமா என்னை ஏமாற்றிவிட்டாரே என்று ஆத்திரம்தான் பொங்கியது.

அப்போதுதான் சின்னம்மாவைப் பார்த்தேன். என்னைக் காணாமல் தேடி உள்ளே வந்திருந்தார். "நான் போயி பாக்குறேன், நீ உள்ள போகாத தங்கச்சி" என்று கச்சான்காரர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் குறுக்கே வந்து தடுத்தாராம். பிள்ளையைக் காணாத பதற்றத்தில் இவர் கேட்கவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே "பாப்பா, பாப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டபடி வந்தவர், திரையைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

நான் திரைச்சீலையை விட்டு வெளியே வந்து, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். இன்னும் நேரம் இருந்தது. அந்த நிமிடமே புறப்பட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் வெளியேறியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்தேன். சின்னம்மா அசையவில்லை. திரையில் அந்தப் பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னம்மாவின் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது. "பஸ் போயிடும் சின்னம்மா" என்று நான்தான் சொன்னேன்.

விளக்கு எரிந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், அப்பாவின் அக்கா. ஆயர் ஈத்தாமில் இருக்கும் அத்தை. சினிமா பார்க்கிறவள் குடும்பம் உருப்படாது என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மாதம் ஒருமுறை சொல்கிறவர். கையில் பாட்டுப் புத்தகம்கூட வைத்திருந்தார்.

"நீ இங்க என்னாடி பண்றே?" என்றார் அத்தை, தியேட்டருக்கே கேட்கும்படி.

சின்னம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெட்டியருகே கச்சான்காரர் தலையைக் குனிந்து நின்றிருந்தார். எனக்கா பொறுக்கும்? "நீங்க பொய் சொல்லிட்டீங்க மாமா! அவன் செத்துட்டான்!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சின்னம்மாவைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாமலே போயிரும்னு நெனைச்சேன் தங்கச்சி" என்றார்.

"பரவாயில்ல அண்ணே" என்றார் சின்னம்மா.

அத்தை அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அவர் எப்படித் தியேட்டருக்குள் இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், அம்மா என் வாயைப் பொத்தினார். தையல் வகுப்பு நின்றது. சின்னம்மா அழுதாரா என்றால், நான் பார்க்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஒரு நீலச் சட்டையை அப்படியே மடித்து அலமாரியில் வைத்தார். ஒருவேளை எனக்காகத் தைத்ததாக இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவோடு பட்டணத்துக்குப் போனபோது, அவர் குடையைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நின்ற நேரத்தில் நான் நழுவி கச்சான் பெட்டிக்குப் போனேன். பேசக் கூடாது என்றுதான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு பொட்டலம் கட்டினார்.

"தங்கச்சி வரலையா பாப்பா?"

"இனிமே வர மாட்டாங்க. வீட்டுல விட மாட்டாங்க."

அவர் பெட்டியில் கடலையைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு தியேட்டர் வாசலில் வரைந்து வைத்திருந்த புதுப் படத்தின் பெரிய பதாகையைக் காட்டி, "இந்தப் படத்துல கடைசில எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொல்லு. ஒருத்தரும் சாகல. அந்தப் பொண்ணு வேலைக்குப் போயிருது, வீடு கட்டிக்கிட்டு சந்தோஷமா இருக்குது. மறக்காம சொல்லு" என்றார்.

"நெசமாவா?" என்றேன்.

"நீ சொல்லு லா" என்றார்.

வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். கச்சான்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். என் பங்குக்கு எச்சரிக்கையும் செய்தேன்: "நம்பாதீங்க சின்னம்மா. அவர் பழையபடி பொய்தான் சொல்றாரு."

சின்னம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். கச்சானை ஒவ்வொன்றாக, தோலை ஊதி ஊதித் தின்றார்.

"வீடு எப்படி இருந்துச்சாம்? மாடி வீடா?" என்று கேட்டார்.

அதை அவர் சொல்லவில்லை என்றேன். "அடுத்த தடவை போனா கேட்டுட்டு வா" என்றார் சின்னம்மா.

பொய் என்று தெரிந்த பிறகும் மாடி வீடா என்று கேட்கிறாரே, சின்னம்மாவுக்கு இவ்வளவுகூடப் புரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் அன்று ரொம்பப் பரிதாபமாக இருந்தது.