கண்ணில் வைக்காத இரண்டு புள்ளிகள்

என் மூத்த மகள் எங்கள் தீவில், சேன் பியேர் ஊரில் ஒரு புல்ஓவர் தொழிற்சாலையில் காலர் மாட்டும் வேலை செய்தாள். வட்டமான மிஷின், சுற்றிலும் ஊசிமுனைகள். பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு முனையில் கோக்க வேண்டும். ஒன்று தவறினாலும் காலர் அவிழ்ந்துவிடும். அவளுக்கு இரண்டு கண்ணிகள் ஒன்றாகத் தெரிந்தன. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "தூங்கத்தான் வேலைக்கு வர்றியா?" என்று கேட்டு, அவளை நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டாள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்ணாடி போட்டும் பாதிதான் சரியானது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் பஞ்சுத் தூசிக்கு ஒத்துவரவில்லை. லேசர் அப்போது எங்களுக்குப் புதிது. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். கண்ணின் முன்பக்கப் படலம் பந்து போல இருக்க வேண்டுமாம், இவளுக்கு முட்டை போலச் சரிந்திருக்கிறதாம். எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் பார்த்து லேசர் செதுக்க வேண்டும்.

"படுத்தா கண்ணு குழிக்குள்ளயே கொஞ்சம் திரும்பிடும். அதனால உட்கார்ந்திருக்கும்போதே, நேர் எதுன்னு தெரிய, மையால ரெண்டு புள்ளி வெச்சுடுவேன்" என்றார்.

பள்ளிக்கூடம் போகாத எனக்கு அது உடனே புரிந்தது. கிழக்குக் கடற்கரையில் ஹோட்டல்கள் எழும்பிய காலத்தில் எத்தனை குளியலறைகளுக்கு டைல்ஸ் போட்டிருக்கிறேன்! ஒரு ஹோட்டலில் பிரெஞ்சுக்கார மேஸ்திரி அவசரப்படுத்தி, நேர் பார்க்கிற நூல் பிடிக்காமல் போடச் சொன்னான். கதவருகே வந்தபோது வரிசை நாலு விரல் கோணல். பெயர்த்துவிட்டு மறுபடி போட்டோம். டைல்ஸைப் பெயர்க்கலாம்.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் அன்று எங்கள் ஊர் ஃப்ளாக்கிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய்க் காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர் ஒருவரை முதலில் கூட்டிப்போனார்கள். ஹோட்டல் விருந்தாளியாம், சாயந்தரம் விமானமாம். எங்கள் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நர்ஸ் அவசர அவசரமாக மகளுக்குத் தொப்பி மாட்டி, சொட்டு மருந்து விட்டு, படுக்க வைத்து, கட்டிலைத் தள்ளத் தொடங்கினாள்.

"புள்ளி வெச்சாச்சாம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

"இல்ல பப்பா."

நர்ஸிடம் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டேன். அவள் பெரிய மனிதர்கள் பேசும் பிரெஞ்சில் பதில் சொன்னாள், நான் அடங்கிப் போவேன் என்று. திரும்பவும் கிரியோலில் கேட்டேன்.

"தொந்தோன், நீங்க டாக்டரா?" என்றாள். தொந்தோன் என்றால் மாமா. அவள் வாயில் அது மரியாதையாக வரவில்லை.

"டைல்ஸ் போடறவன். அவரைக் கூப்பிடு."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள், "மானத்த வாங்காத பப்பா" என்று முணுமுணுத்தாள். நான் விடவில்லை. அவளுக்கு இருப்பது இரண்டு கண். கோணலாகச் செதுக்கினால் எதைப் பெயர்ப்பது?

டாக்டர் முகமூடியோடு வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். அவளை எழுப்பி உட்கார வைத்து, பேனாவால் புள்ளி வைத்தார், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகுதான் படுக்க வைத்தார்.

"மறந்துட்டீங்களா டாக்டர்?"

"நேரமாகுது, தொந்தோன்."

அவ்வளவுதான். மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் இல்லை. நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் தப்பு என்னுடையதுதான்.

நாலு நாள் வலியில் துடித்தாள். வாரங்கள் போகப் போகக் கண் தெளிந்தது. கண்ணிகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்றாள். இன்னொரு கண்ணுக்கு நாள் குறித்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "இந்தத் தடவை நீங்க வெளியில உட்காருங்க" என்றார்.

நான் சிரிக்கவில்லை. "புள்ளி வைங்க, பார்த்துட்டுப் போய் உட்கார்றேன்" என்றேன்.