ஐந்தாவது கம்பத்து வேகம்

2006 ஜூன் 19, திங்கட்கிழமை. நோர்வூட்டுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஜீவராணி இரண்டு எண்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்று 240. மற்றது 19.

தோட்டத்தின் பிரிவுகளான ஐந்து டிவிசனிலும் கம்பம் நட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பியில்லாமலே இணையத்தைக் கடத்தும் வலைப்பின்னல் திட்டம் அது. ஒவ்வொரு கம்பத்தைத் தாண்டும்போதும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். கடைசிக் கம்பத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அளவெடுத்து, கணினியில் மாதிரி செய்து கணித்துக் கொடுப்பது அவளுடைய ஒப்பந்த வேலை. பெப்ரவரியில் அங்கே வினாடிக்கு 240 கிலோபிட் வந்தது. அப்போது மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து செய்து குட்டையாக்கியிருந்தார்கள். நிழல் மரங்களின் கிளைகளையும் வெட்டியிருந்தார்கள். இப்போது கிளைகள் தழைத்துவிட்டன. மழையில் நனைந்த இலை அலையைக் குடித்துவிடுகிறது; வருவது 19தான்.

அந்தக் கணிப்பைப் பார்த்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தால் அவளுக்கு ஹட்டனில் நிரந்தர வேலை, தங்க அறை. இல்லையென்றால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலைதான். அம்மா பேச்சியம்மா டிசம்பரில் ஓய்வு பெற்றுவிட்டாள். ஜூன் முடிவதற்குள் வீட்டில் ஒருவர் தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதியாவிட்டால், தோட்டம் கொடுத்த லயத்து அறையை விட வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது.

திட்டத்தின் பொறியியலாளர் குகநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், அவள் எண்களை எழுதியிருந்த தாளைப் பார்த்தார்.

"பெப்ரவரிக் கணக்கையே போடுங்கோ தங்கச்சி. அதுவும் நீங்கள் அளந்ததுதானே, பொய்யில்லையே."

"இப்ப அங்க ஒரு படங்கூட தொறக்காதுங்க சேர்."

"பத்தொன்பது எண்டு எழுதினா உங்கட வேலைதான் போகும்."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். "எழுதிக் குடுத்துட்டு வாயேன்டி. மரம் வந்து சாட்சி சொல்லப் போவுதாக்கும்."

240 என்று எழுதினால் ஐந்தாம் டிவிசன் பிள்ளைகளுக்கு இணையம் வராது, கம்பம் மட்டும் நிற்கும். ஒருமுறை நட்டுவிட்டுப் போனவர்கள் மறுபடி வரமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் 19 என்று எழுதி, மரத்துக்கு மேலே எழும்பும் உயரக் கம்பம் வேண்டும் என்று கீழே குறித்து, கையெழுத்துப் போட்டாள். 27ஆம் திகதி பதில் வந்தது: இரண்டாம் கட்டம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

ஜூன் 30, வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்துக்கு, தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் கடைசி ஆளாக நின்றாள். பேர் எழுதிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை வீரய்யா நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பியூட்டரு கொழுந்து எடுக்குமா புள்ள?"

முன்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"சரி, பேரச் சொல்லு."

"ஒங்களுக்குத் தெரியாதாங்க?"

"தெரியும். நீ சொன்னாத்தான் எழுதுவேன்."

சொன்னாள்.